கொம்யூன் ஆபீசில் ஒரு ஏலம்

"கையத் தூக்கினா கணக்குல வராதுங்க. தொகைய வாயால சொல்லணும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்."

அதிகாரி இப்படிச் சொன்னதும், தூக்கத் தயாராக வைத்திருந்த கையை மடியில் இறக்கிக்கொண்டேன். வாய் வராவிட்டால் கையைத் தூக்கினால் போதும் என்று சொல்லித்தான் என்னை அழைத்து வந்திருந்தார்கள்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசின் கூட்ட அறை அது. சித்திரை வெயில். இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது. காகிதங்கள் பறக்கின்றன என்று அதையும் பாதி வேகத்தில் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேசை மேல் யாருக்கோ வாங்கி வைத்த டீ, ஆடை படிந்து, குடிப்பாரில்லாமல் இருந்தது.

எனக்கு முன் வரிசையில் கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தார். சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர். என் மைத்துனன் ஏழுமலையின் மனைவி வசந்தாவுக்கு அண்ணன்.

ஏழுமலை உள்ளே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரி பாக்கி வைத்தவர் தன் சொத்தைத் தானே ஏலம் கேட்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அன்று ஏலத்துக்கு வந்திருந்தது அவன் நிலம். அவனுக்கு இருந்த ஒரே நிலம்.

என் மனைவி செல்வி அவனுக்கு அக்கா. அவளும் ஊர்க்காரர்கள் சிலரும் வராந்தாவில் நின்றார்கள்.

நான் செய்யவேண்டியது ஒன்றுதான். அதிகாரி அரசு விலையைச் சொன்னதும், முதல் ஆளாக அந்த விலைக்குக் கேட்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் கலியமூர்த்தி பார்த்துக்கொள்வார்.

தவளக்குப்பம் போய்த் திரும்பியவன்

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு நான் அதிகம் பேசாதவன் என்பது தெரியும். இன்று முதல்முறையாகப் படிப்பவர்களுக்காக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

டவுனில் ஒரு துணிக்கடையில் எனக்குப் புடவை மடிக்கிற வேலை. கீழே வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகள் மூட்டையாக மாடிக்கு வரும். பழைய மடிப்பு எங்கே விழுந்திருக்கிறதோ, அதே தடத்தில் மறுபடி மடித்து அனுப்ப வேண்டும். ஒரு தீபாவளிக்கு முதலாளி என்னைக் கீழே கவுண்டரில் நிற்க வைத்தார். ஒரு பெண்மணி, "இது வெளுக்குமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். அன்று மதியமே என்னை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.

இன்னொன்று, கல்யாணமான புதிதில் நடந்தது. மாமியார் ஊர் கடலூர் ரோட்டில், தவளக்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அங்கே பஸ் தானாக நிற்காது. கண்டக்டரிடம் கேட்க வேண்டும். நான் கேட்க மாட்டேன். தவளக்குப்பத்தில் எல்லாரும் இறங்குவார்கள், நானும் இறங்கி, வந்த வழியே நடப்பேன். செல்விக்கு இது தெரிய வந்தபோது அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, ஒரு வார்த்த சொல்றதுக்கு வெயில்ல இவ்ளோ தூரம் நடக்கறதா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படிப்பட்ட என்னை ஏன் ஏலத்தில் உட்கார வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஏழுமலை சொன்ன காரணம் இதுதான்.

"மாமாதான் இதுக்குச் சரியான ஆளு. ஒண்ணு சொல்லிட்டு அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டாரு. வேற எவனையாச்சும் உக்கார வச்சா ரோஷத்துல ஏத்திக்கிட்டே போவான்."

"அந்த ஒண்ணையாச்சும் அண்ணன் சொல்லுவாரான்னு பாத்துக்குங்க" என்றாள் வசந்தா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோழி போன பிறகும்

மேட்டு நிலத்தை அந்தப் பக்கம் கொல்லை என்பார்கள். ஏழுமலையின் கொல்லை ஒரு காணிக்கு, அதாவது சுமார் ஒன்றேகால் ஏக்கருக்கு, கொஞ்சம் மேலே இருக்கும். செம்மண். மல்லாட்டை போட்டால் நன்றாக வரும். நிலக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். பிடுங்கிய செடியோடு சுட்டுத் தின்றால் மண் வாசனையும் சேர்ந்து வரும்.

மல்லாட்டையில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை என்று சில வருஷங்களுக்கு முன் கொல்லை ஓரத்தில் கோழிக் கொட்டகை போட்டான். அதற்கு சொசைட்டியில் நிலத்தை வைத்துக் கடன் வாங்கினான். கொட்டகை எழும்பியதும் கொம்யூனிலிருந்து வந்து அளந்தார்கள். வியாபாரக் கட்டடம் என்று வரி போட்டார்கள். கோழி இருந்தவரை கட்டினான்.

பிறகு கோழிக்கு நோய் வந்தது. குஞ்சு கொடுத்த கம்பெனிக்காரர்கள் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏழுமலை கூரைத் தகரத்தைக் கழற்றி விற்றான். சிமென்ட் தூண்கள் மட்டும் நின்றன. கோழியோடு வரியும் போய்விட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"கோழியே இல்ல. என்னா வரி?" என்பான்.

கொட்டகை மூடியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. வரி வளர்ந்தது, வரிக்கு வட்டி வளர்ந்தது. வந்த நோட்டீசுகளை வசந்தா டிவிக்குப் பின்னால் செருகி வைத்தாள். என்றாவது மொத்தமாகத் தள்ளுபடி செய்வார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டதை ஏழுமலை நம்பினான்.

ஒரு நாள் ஊருக்குள் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. முன்பெல்லாம் தமுக்கு அடித்துச் சொல்வதை இப்போது அதில்தான் சொல்கிறார்கள். பேர் மட்டும் மாறவில்லை, தண்டோராதான். இன்னார் மகன் இன்னாருடைய நிலம், வரி பாக்கிக்காகப் பொது ஏலம் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. வசந்தா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

ஏழுமலை எங்களுக்குப் போன் செய்தான். நிலம் போகிறது என்று அவன் முதலில் சொல்லவில்லை.

"எம் பேர மைக்குல சொல்லிட்டான்க்கா" என்றான்.

ஏரி ஏலத்து வழக்கம்

அந்த ஊருக்கு ஏலம் என்றால் ஒன்றுதான் தெரியும். ஏரி மீன் ஏலம். கரையில் இருக்கிற புளியமரங்களையும் அதோடு சேர்த்து விடுவார்கள்.

கல்யாணமான வருஷம் அதை நான் பார்த்திருக்கிறேன். ஏலத்துக்கு முந்தின நாளே ஊர் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூடி, இந்த வருஷம் யார் எடுப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள். எடுக்கிறவர் திருவிழாவுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்வார். மறுநாள் ஏலத்தில் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரே ஆள் கேட்டால் ஏலமாகாது அல்லவா? அதற்காக விலையைத் தொடங்கி வைக்க ஒருவரை உட்கார வைப்பார்கள். யாருக்கும் போட்டியில்லாத ஆளாக இருக்க வேண்டும். பெரும்பாலும் ஊருக்கு வந்த மருமகன்களில் ஒருவர். அவர் முதல் விலையைச் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடலாம்.

வெளியூர் ஆள் வந்தால் அதற்கும் வழி இருந்தது. அவர் காதில் விழுகிற மாதிரி தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். "இந்த வருசம் ஏரில மீன விட பாம்புதான்யா அதிகம்." "போன வருசம் எடுத்தவன் வல கிழிஞ்சதுதான் மிச்சம்." வெளியூர் ஆள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்.

ஏழுமலையின் கொல்லைக்கும் இதையேதான் செய்தார்கள். மண்டபத்தில் கூடினார்கள். ஊரில் யாரும் கேட்கக் கூடாது என்று பேசினார்கள். கலியமூர்த்தி எடுப்பது, ஏழுமலை நாலைந்து வெள்ளாமையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்வது. தொடங்கி வைக்க நான். ஏலம் கேட்க என் பேரில் கட்டவேண்டிய முன்பணத்தை ஏழுமலையே கன்றுக்குட்டிகளை விற்றுக் கொடுத்தான்.

ஏரி ஏலத்துக்குத் தண்டோரா போட்டபின் அதை நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. குறித்த நாளில் நடக்கும், அவ்வளவுதான். அதனால் இதையும் நிறுத்த முடியுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் அந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று தரம்

மறுபடி அந்த அறைக்கு வருகிறேன்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். இளவயது. ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். காதில் ஒயர். யாரோ ஒரு பெரிய இடத்துக்காகக் கேட்க வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. கலியமூர்த்தி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி நிலத்தின் எல்லைகளைப் படித்தார். அரசு விலையைச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

நான்தான் பேச வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"சத்தமா சொல்லுங்க ஐயா."

சொன்னேன். எப்படியோ சொல்லிவிட்டேன். அதிகாரி எழுதிக்கொண்டார். கலியமூர்த்தி உடனே அதற்கு மேல் ஐயாயிரம் சொன்னார். என் வேலை முடிந்தது. சட்டைக்குள் வேர்வை ஓடுவது சுகமாக இருந்தது.

"இருபத்தஞ்சாயிரம் கூட" என்றார் ஹெல்மெட்காரர். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கலியமூர்த்தி ஏற்றினார். அவரும் ஏற்றினார். வராந்தாவில் நின்றிருந்த ஊர்க்காரர்கள் தங்கள் வேலையை ஆரம்பித்தார்கள்.

"அந்தக் கொல்லைக்கு மாட்டு வண்டி போறதுக்கே வழி கெடையாது. இதுல காரு எங்க போவும்?"

"வழிய வுடுய்யா. எங்க போர் போட்டாலும் உப்புத் தண்ணி. வாய் கொப்பளிக்கக்கூட ஆவாது."

"வெளிய அமைதியா இருங்க" என்று அதிகாரி அதட்டினார். ஹெல்மெட்காரர் சிரித்துக்கொண்டே இன்னும் இருபத்தைந்து ஏற்றினார்.

கலியமூர்த்தி நிறுத்திவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்து, "அவ்ளோதான் என்னால" என்று மெதுவாகச் சொன்னார்.

ஜன்னல் கம்பியில் ஏழுமலையின் விரல்கள் தெரிந்தன. முகம் தெரியவில்லை. நெற்றியைக் கம்பியில் சாய்த்திருந்தான்.

"வேற யாராவது கேக்கறீங்களா? ஒரு தரம்."

அப்போது யாரோ ஒரு தொகையைச் சொன்னார்கள். அதிகாரி என்னைப் பார்த்து எழுத ஆரம்பித்த பிறகுதான் சொன்னது நான் என்று புரிந்தது.

ஏன் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். மைத்துனன் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அப்படி ஒன்றும் நினைத்ததாக ஞாபகம் இல்லை. "ரெண்டு தரம்" என்ற சொல் காதில் விழக் கூடாது என்று மட்டும் இருந்தது.

ஹெல்மெட்காரர் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏற்றினார். நான் ஏற்றினேன். என்னிடம் அந்தப் பணம் இல்லை. அவர் ஏற்றினார். நான் மறுபடி சொன்னபோது எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கலியமூர்த்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, என்னா பண்றீங்க? உக்காருங்க."

ஹெல்மெட்காரர் ஒயரில் பேச ஆரம்பித்தார். "இல்ல சார்... ஊருக்காரங்க நெறைய பேர் நிக்கறாங்க சார்... வழி இல்லன்றாங்க. ஆமா சார், சுத்தி எல்லாம் அவங்க ஆளுங்க நெலம்தானாம்... சரி சார்... சரிங்க சார்."

ஒயரைக் காதிலிருந்து எடுத்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு தரம். ரெண்டு தரம்."

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், யாராவது எனக்கு மேலே கேட்டுவிட மாட்டார்களா என்று ஒரு மனம் கும்பிட்டது. யாரும் கேட்டுவிடக் கூடாது என்று இன்னொரு மனம் கும்பிட்டது.

"மூணு தரம்."

கவுண்டர்

கையெழுத்து வாங்கும்போது அதிகாரி கேட்டார். "நீங்க பாக்கிக்காரருக்கு என்ன வேணும்?"

"அக்கா வீட்டுக்காரர்" என்று ஏழுமலையே ஜன்னலிலிருந்து சொன்னான்.

அதிகாரி பேனாவை மூடாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சொந்தக்காரங்களா? அப்பறம் ஏங்க ஏலத்துல வந்து கேட்டீங்க? பாக்கி மட்டும் கட்டியிருந்தா ஏலமே நடந்திருக்காதே. இன்னிக்குக் காலையில இங்க கவுண்டர்ல கட்டியிருந்தாக்கூட நிறுத்தியிருப்போம்."

பாக்கித் தொகை, நான் கேட்ட விலையில் ஒரு சிறு துண்டு. கன்றுக்குட்டி விற்ற பணத்தோடு இன்னும் கொஞ்சம் புரட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"தண்டோரா போட்டுட்டாங்களே சார்" என்றான் ஏழுமலை.

"தண்டோரா போடறதே, இப்பவாச்சும் வந்து கட்டுங்கன்னு சொல்றதுக்குத்தான்யா."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த அதிகாரியும் நல்லவர்தான். ஒரு ஆளை அனுப்பிக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே டீக்கடையில் கலியமூர்த்தி பேச்சை எடுத்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க அண்ணே. எம் பேருக்கு விழுந்திருந்தா நான் போட்டிருப்பேன். உங்க பேருக்கு விழுந்த நெலத்துக்கு நான் எப்பிடிப் பணம் போட முடியும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஊர்க்காரர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "வாயில்லாத மாப்பிள்ளன்னு நெனச்சோம். வாயத் தொறந்தா நெலத்தையே முழுங்கிட்டாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தான். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

செல்வியின் நகை

குறித்த நாளுக்குள் முழுப் பணமும் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். நிலம் மறுபடி ஏலத்துக்கு வரும். அந்த நாட்களில்தான் பட்டுப் புடவை ஒன்றைத் தடம் மாற்றி மடித்து, ஜரிகை முறிந்து, முதலாளியிடம் முதல்முறையாகத் திட்டு வாங்கினேன்.

கடையில் என் பேரில் பிடித்து வைத்திருந்த பணம் இருந்தது. சீட்டுப் பணம் கொஞ்சம் இருந்தது. அதெல்லாம் பாதிக்குக்கூட வரவில்லை. செல்வி தன் நகைகளை எடுத்து வைத்தாள்.

அந்த நகைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் அப்பா அவளை நொத்தேரிடம் அழைத்துப் போனார். பத்திரம் எழுதி முத்திரை போடுகிறவரைப் புதுச்சேரியில் பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம், அதற்குப் பதில் நகையாக வாங்கிக்கொண்டேன் என்று செல்வி அங்கே கையெழுத்துப் போட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வெளியே வந்ததும் அப்பா சர்பத் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வாள்.

நகைகளை விற்றுவிட்டுப் பஸ்ஸில் வரும்போது அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"நெலத்துக்குப் பதிலா குடுத்தாங்க. இப்ப அது மறுபடி நெலமாப் போயிடுச்சி" என்றாள்.

பணத்தைக் கட்டினோம். அதில் வரி போக மீதியை ஏழுமலையின் சொசைட்டிக் கடனுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு இப்போது கடன் இல்லை. நிலமும் இல்லை. எங்களுக்கு நிலம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. முத்தியால்பேட்டையில் வாடகை வீடு, அந்த மாதம் வாடகையையே தள்ளித்தான் கொடுத்தேன்.

விற்பனைச் சான்று என் பேரில் வந்த அன்று செல்வியிடம் கேட்டேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏழுமலைக்கே எழுதிக் குடுத்துடலாமா?"

"அவன் கேட்டானா?"

"இல்ல."

"கேக்கட்டும்."

கீரைக் காம்புகளைத் தனியாக ஒதுக்கினாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. குடுக்கறேன்னும் சொல்லல."

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மாட்டேன் என்றால் சண்டை, சரி என்றால் சமாதானம். இரண்டும் இல்லாத இந்த இடத்தில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. நான் ஏலத்தில் வாயைத் திறந்ததை யாராவது முன்பே போட்ட திட்டம் என்று நினைத்தால் என்ன சொல்லி மறுப்பேன்? ஊரில் சிலர் அப்படித்தான் பேசுவதாகக் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போன் செய்கிற வசந்தா நிறுத்திவிட்டாள். செல்வி செய்தால் எடுப்பாள். "ம், நல்லாருக்கோம். ம். வச்சிடறேன்." அவ்வளவுதான்.

கடையில் போன் அடித்தால் எனக்குத் திடுக்கென்றது. அந்த ஊரிலிருந்து என்ன செய்தி வருமோ என்று இருந்தது. காலையில் பேப்பர் பிரித்தால், விவசாயி என்று ஆரம்பிக்கிற சின்னச் செய்திகளைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பினேன்.

ஆடி மழைக்குப் பிறகு

ஆடியில் இரண்டு மழை பெய்தது. எங்கள் கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு அந்தப் பக்கத்து ஊர். புடவை மூட்டையை மாடியில் இறக்கி வைத்தபடி சொன்னாள்.

"சார், உங்க மச்சான் கொல்ல மட்டும் உழாம கெடக்குது. சுத்தி எல்லாரும் மல்லாட்ட வெதச்சிட்டாங்க."

வீட்டில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி புறப்பட்டு நின்றாள். வருகிறோம் என்று தம்பிக்கும் சொல்லியிருந்தாள்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. சுற்றிலும் புரட்டிய செம்மண். நடுவில் அந்த ஒரு கொல்லை மட்டும் அருகம்புல்லும் நெருஞ்சியுமாகப் பச்சையாகக் கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஏழுமலை ரோட்டில் நின்றான். இளைத்திருந்தான். கொஞ்சம் தள்ளி, கலப்பை மாட்டிய டிராக்டரில் கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. டிராக்டர் நிழலில் வசந்தா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மாமா" என்றான் ஏழுமலை. பிறகு செல்வியைப் பார்த்து, "வாங்கக்கா" என்றான்.

அவன் அக்காவை ஒருநாளும் 'வாங்க' என்றது கிடையாது.

"என்னாடா புதுசா வாங்க போங்கன்ற?" என்றாள் செல்வி.

ரோட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே ஒரு சின்ன வாய்க்கால்தான். அவன் அதைத் தாண்டவில்லை. கரையில் நின்றுகொண்டே என்னிடம் கேட்டான்.

"உழுவட்டுமா மாமா? நீங்க சொன்னாதான். வேற யாருக்காச்சும் குத்தகைக்கு வுடறதா இருந்தாலும் சொல்லிடுங்க. ஈரம் காஞ்சிட்டா இந்த வருசம் போயிடும்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கலியமூர்த்தி ஸ்டியரிங்கில் சாய்ந்து பார்த்தார். வசந்தா திரும்பாவிட்டாலும் அவள் காது இங்கேதான் இருந்தது. அவன் உழுது வளர்ந்த மண்ணில் இறங்க என்னிடம் அனுமதி கேட்கிறான். சரி என்று நான் சொன்னாலே நான் சொந்தக்காரன் என்று ஆகிவிடும். நீயே எடுத்துக்கொள் என்று சொல்லலாம் என்றால், செல்வியின் வெறும் கழுத்து பக்கத்தில் இருக்கிறது.

செல்வி வாய்க்காலைத் தாண்டினாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெருஞ்சி இல்லாத இடமாகப் பார்த்துக் கால் வைத்து நடந்தாள். சிமென்ட் தூண்கள் வரை போனாள். குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்து, ஈரம் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பிறகு திரும்பி வந்தாள்.

"உழுடா" என்றாள்.

ஏழுமலை தலையை ஆட்டினான். அவன் முகம் இளகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"எப்பவும் போல நீயே உழு. நீயே வெத. வெள்ளாமையும் நீயே எடுத்துக்க. வரிய மட்டும் இனிமே நான் கட்டிக்கிறேன்."

அவன் அவளையே பார்த்தான். அந்த வார்த்தை அவனுக்குள் போய்ச் சேர நேரமாயிற்று.

"யாரு பேருலக்கா?"

"எம் பேருலதான்."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நிலம் அவள் பேருக்குப் போகிறது என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும். ஆனால் அந்தச் சித்திரை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சரிக்கா" என்றான் அவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினான். கலியமூர்த்தி எஞ்சினைக் கிளப்பினார்.

நிழல் நகர்ந்ததும் வசந்தா எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் ஊர்ப் பக்கம் நடந்தாள். செல்வி அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.